செத்த மெஷின் பேசாது

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், கேம்பல் லேனில் ஒரு பூமாலைக் கடைக்கு மேலே இருக்கிறது அந்த ஆபீஸ். நான் முதலில் அங்கே போனது ஒரு சனிக்கிழமை காலை. கீழே மல்லிகையும் ஈர வாழைநாரும் மணக்கும். மரப்படி ஏறினால் அந்த மணம் பாதிப் படியிலேயே நின்றுவிடும். நின்ற இடத்தில் தைல வாசனை ஆரம்பிக்கும். தலைவலி, வயிற்றுவலி, பஸ்ஸில் மயக்கம் என்று எல்லாவற்றுக்கும் கைப்பையில் வைத்திருப்பார்களே, அந்தப் பச்சைத் தைலம். யாருக்கோ தலைவலி போல என்று நினைத்துக்கொண்டு மேலே போனேன்.

என் பெயர் நிதீஷ். கம்ப்யூட்டர் ரிப்பேர், நெட்வொர்க் வேலை. சின்ன ஆபீஸ்கள், கிளினிக்குகள், டியூஷன் சென்டர்கள்தான் என் வாடிக்கை. மெஷினுக்குள் பேய் இருக்கிறது என்று சொல்லிக் கூப்பிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். திறந்து பார்த்தால் பெரும்பாலும் கரப்பான் பூச்சி. அதனால் இந்தக் கதையை வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

அன்று என்னோடு தாரணியும் வந்திருந்தாள். என் மனைவி. திங்கட்கிழமை அதே ஆபீஸில் வேலைக்குச் சேர வேண்டியவள். சாங்கி ஏர்போர்ட் கார்கோவில் ஷிப்ட் ஷிப்டாக வேலை பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொண்டிருந்தாள். ஆபீஸ் முதலாளி முத்துராமன் அண்ணனிடம் பேசி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான்தான். வருகிற சரக்குக்கு சுங்கத்துக்கு டிக்ளரேஷன் அனுப்பும் வேலை. பகல் வேலை. எங்கள் வீடு இருக்கும் புக்கிட் பாஞ்சாங்கில் ரயில் ஏறினால் மாறாமல் லிட்டில் இந்தியாவில் வந்து இறங்கலாம். இதைவிட என்ன வேண்டும் என்று நானே அவளிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

தாரணி அதிகம் பேசமாட்டாள். கல்யாணமான புதிதில் என்மேல் ஏதோ கோபம் என்று பயந்தே போனேன். கோபம் இல்லை, அவள் சுபாவமே அப்படி. "ஏதாவது பேசேன்" என்பேன். "என்ன பேச?" என்பாள். அதோடு முடிந்தது. இன்னும் கொஞ்சம் பேசுகிற மனைவி கிடைத்திருக்கலாம் என்று நான் நினைத்த நாட்கள் உண்டு. அதைப் பொய் சொல்லி மறைக்க முடியாது.

முத்துராமன் அண்ணன் ஜன்னலோர மேசையைக் காட்டினார். மானிட்டரின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் ஜெபமாலை தொங்கியது. நாற்காலியின் கைப்பிடியில் ரெக்சின் உரிந்து, ஒருவருடைய முழங்கை பதிந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. வேன் ஓட்டும் லாசரஸ் அண்ணன் கதவோரத்தில் நின்று கறிபாப் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தாரணி அந்த நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"ரூபி சீட்டு இது," என்றார் முத்துராமன். "ஆபீஸ் திறந்த நாள்ல இருந்து இங்கதான் உக்காந்தாங்க. ஜனவரில தவறிப்போயிட்டாங்க."

"எப்படிப்பட்டவங்க?" என்று சும்மா கேட்டேன்.

"வாய் மூடாது. போனை எடுத்தாலே 'சொல்லு ராஜா'தான். கஸ்டம்ஸ்காரனா இருந்தாலும் ராஜா, மாலைக் கடைக்காரனா இருந்தாலும் ராஜா. ஆனா அவங்க மெஷின்ல எவனாவது கை வச்சா தொலைஞ்சான். ஆஸ்பத்திரில மூக்குல குழாயோட இருக்கறப்பகூட எனக்குப் போன் போட்டு, என் சீட்ல யாரையும் உக்கார வைக்காதேன்னு சொன்னாங்க."

"அப்புறம் வச்சீங்களா?"

"ரெண்டு பேர் வந்தாங்க. நிக்கலை."

விஷயம் இதுதான். ரூபியின் பழைய மெஷின் கருகிப்போய்விட்டது. புது மெஷின் வாங்கிவிட்டார்கள். ஆனால் டிக்ளரேஷன் அனுப்பும் சாப்ட்வேர் அதில் திறக்க மறுத்தது. நெட்வொர்க் கார்டு ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு நம்பர் பதித்து அனுப்புவார்கள். ஒரு கார்டின் நம்பர் இன்னொன்றுக்கு வராது. யார் பேசுகிறார்கள், யாருக்குப் பதில் அனுப்ப வேண்டும் என்று நெட்வொர்க் தெரிந்துகொள்வது அந்த நம்பரை வைத்துத்தான். இந்த சாப்ட்வேர் ரூபியின் கார்டு நம்பரைப் பார்த்தால்தான் திறக்கும். எழுதிக் கொடுத்த கம்பெனியையோ எப்போதோ மூடிவிட்டார்கள்.

பழைய கார்டைக் கழற்றிப் புதியதில் மாட்டலாம் என்றால், அந்தக் காலத்துக் கார்டு இந்தக் காலத்து மதர்போர்டில் நுழையாது. இதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி இருக்கிறது. புதுக் கார்டு ஒன்றை மாட்டி, பழைய கார்டின் நம்பரை அதற்கு எழுதிவிடுவோம். எல்லாரும் செய்வதுதான். நானும் எத்தனையோ இடத்தில் செய்திருக்கிறேன்.

மேசைக்கு அடியில் குனிந்து பழைய மெஷினின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். தைல வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே தூசி மெத்தை போலக் கிடந்தது. விசிறியில் நீளமான நரைமுடி சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து தலை வாருகிறவர் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். கார்டின் மேல் ஒட்டியிருந்த லேபிளில் நம்பரைப் படிக்க விரலால் தூசியைத் துடைத்தேன். லேபிள் வெதுவெதுப்பாக இருந்தது. பவர் வயர் சுருட்டி மேசைக்காலில் கட்டிக் கிடந்தது.

வெயில் பட்டிருக்கும்.

புது மெஷினைத் திறந்து, இரும்புச் சட்டத்தில் கை வைத்து உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கினேன். பின்பக்கத் தகட்டை எடுத்துவிட்டு, கார்டை இடுக்கில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன். உட்கார்ந்தது. திருகாணி முடுக்கி, டிரைவர் சாப்ட்வேர் ஏற்றி, நம்பரை அடித்தேன். கார்டின் பின்னால் பச்சை விளக்கு வந்தது. சாப்ட்வேர் முனகாமல் திறந்தது.

"டூப்ளிகேட் சாவி போட்ட மாதிரியா?" என்றார் முத்துராமன்.

"சாவி இல்லண்ணே, ஆளு மாதிரி. நெட்வொர்க்கைப் பொறுத்தவரைக்கும் இனிமே இந்த மெஷின்ல உக்கார்றவங்கதான் ரூபி அக்கா."

நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னேன். லாசரஸ் அண்ணன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார்.

நம்பரை நகல் எடுத்தால் பழைய கார்டு அதே லைனில் இருக்கக்கூடாது. தொழிலில் இது பாலபாடம். பழைய மெஷினின் பின்னால் இருந்த நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கக் கை நீட்டினேன். முத்துராமன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அதைத் தொடாதே. இருந்த மாதிரியே இருக்கட்டும்."

"கேபிளை மட்டும்ணே."

"வேணாம்னா வேணாம் லா. அவங்களுக்குப் பிடிக்காது."

அவர் பிடி வலித்தது. எனக்கு எரிச்சல் வந்தது. கருகிப்போன மெஷின், பவர் வயர்கூட இல்லை. செத்த மெஷின் என்ன பேசப்போகிறது என்று நினைத்தேன். கேபிளை அப்படியே விட்டுவிட்டு, புது மெஷினுக்கு வேறு கேபிள் இழுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் செய்தது அவ்வளவுதான்.

முதல் வாரம் ஒன்றும் இல்லை. லைன் அடிக்கடி விட்டு விட்டு வருகிறது என்றாள் தாரணி. பழைய கட்டடம், வயரிங் அப்படித்தான் என்றேன்.

மத்தியானம் நான் எங்கே வேலையில் இருந்தாலும் அவளுக்கு "சாப்ட்டியா?" என்று ஒரு மெசேஜ் போடுவது வழக்கம். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வரும். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் கிளமெண்டியில் ஒரு கிளினிக்கில் மேசைக்கு அடியில் கிடந்தேன். அவளிடமிருந்து பதில் வந்தது.

"சாப்ட்டேன் ராஜா. மீன் தலைக் கறி. நீ சாப்ட்டியா? வெயில்ல அலையாதே. சீக்கிரம் வந்துடு, நிறையப் பேசணும்."

மேசைக்கு அடியிலேயே சிரித்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. மறுநாள் இன்னும் நீளமாக வந்தது. அதற்கு மறுநாள் அதைவிட நீளம். நானும் பதிலுக்கு என்னென்னவோ எழுதினேன். காதலிக்கும்போதுகூட நான் அப்படி எழுதியதில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. 'ராஜா' என்ற சொல்லை எங்கே கேட்டேன் என்று ஒரு நிமிஷமாவது நின்று யோசித்திருக்கலாம். சந்தோஷத்தில் இருக்கிறவன் யோசிக்கமாட்டான்.

வீட்டில் மட்டும் அவள் முன்னைவிட அமைதியாகிக்கொண்டே போனாள். நேரில் கூச்சம் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் சாப்பிடும்போது சீண்டினேன். "மெசேஜ்ல மட்டும் ராஜாவா? நேர்ல ஒரு தடவை சொல்லேன்."

"என்ன ராஜா?" என்றாள்.

என் போனைக் காட்டினேன். அவள் ஒவ்வொன்றாக மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். பிறகு தன் போனை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தாள். அதில் என்னிடமிருந்து வந்த கடைசி மெசேஜ், அவள் வேலைக்குச் சேர்ந்த வாரத்து வெள்ளிக்கிழமை அனுப்பியது.

"நீ இப்பல்லாம் மெசேஜே போடறதில்லன்னு நினைச்சேன்," என்றாள். "வேலை பிசின்னு விட்டுட்டேன்."

என் கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"நிதீஷ், ஆபீஸ்ல நான் பேசினா யாருக்கும் கேக்கல."

"நீ மெதுவா பேசறே, அதான்."

"கத்திப் பார்த்தேன்."

தாரணி கத்தி நான் கேட்டதே இல்லை. அவள் கத்தியிருக்கிறாள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாளைக்குப் போகாதே என்றேன். காலையில் சாங்கியில் சரக்கு இறங்குகிறது, டிக்ளரேஷன் போகாவிட்டால் லாசரஸ் அண்ணன் வேனோடு அங்கேயே நிற்பார் என்றாள். வேலை முடிந்ததும் நேராக வருகிறேன், அந்தக் கேபிளைப் பிடுங்கி எறிகிறேன் என்றேன்.

அவள் தலையாட்டினாள். அன்று அவள் பேசியதுதான் நேரில் நான் கேட்ட அவளுடைய கடைசிப் பேச்சு.

மறுநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கேம்பல் லேனில் கடைகளெல்லாம் விளக்குப் போட்டுவிட்டார்கள். மாலைக் கடைக்காரர் பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். படி ஏறினேன். மல்லிகை நின்றது. தைலம் தொடங்கியது. இந்த முறை கண் எரியும் அளவுக்கு.

முத்துராமன் கதவருகிலேயே நின்றார். "நீ ஏன் வந்தே? தாரணி இன்னிக்கு வரலையே. போன்கூடப் பண்ணல."

அவர் தோளுக்குப் பின்னால், ஜன்னலோர நாற்காலியில், தாரணி உட்கார்ந்திருந்தாள்.

என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"அண்ணே, அங்கதானே உக்காந்திருக்கா."

அவர் திரும்பிப் பார்த்தார். அவர் பார்வை அவள்மேல் பட்டு, நிற்காமல் ஜன்னலுக்குப் போய்விட்டது. "என்ன லா விளையாடறே," என்றார்.

கீபோர்டு சத்தம் கேட்டது. வேகமாக, பழகிய கையாக, ஒவ்வொரு வரி முடிவிலும் ஓங்கித் தட்டுகிற சத்தம். தாரணி மெல்ல இரண்டு கைகளையும் தூக்கி எனக்குக் காட்டினாள்.

கைகள் காற்றில் இருந்தன.

தட்டுவது நிற்கவில்லை.

நான் ஓடிப்போய் சுவரில் இருந்த பெட்டியைத் திறந்தேன். எல்லாக் கேபிளும் வந்து சேரும் சுவிட்ச் அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு சின்ன விளக்கு. யாராவது பேசினால் விளக்கு துடிக்கும். தாரணியின் விளக்கு எப்போதாவது ஒரு முறை சோர்ந்து துடித்தது. ரூபியின் பழைய கேபிள் விளக்கு அணைந்தே இருக்க வேண்டும். அது மூச்சுவிடாமல் துடித்துக்கொண்டிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரே நம்பரோடு இரண்டு கார்டு பேசினால் சுவிட்ச் என்ன செய்யும் தெரியுமா? கடைசியாகப் பேசினது யாரோ, அவரைத்தான் நம்பும். வருகிற எல்லாவற்றையும் அவருக்கே கொடுக்கும். மற்றவர் மறுபடி வாயைத் திறந்தால் அவர் பக்கம் திரும்பும். ஓயாமல் பேசுகிறவருக்கு எல்லாம் போய்ச் சேரும். பேசாதவருக்கு ஒன்றும் வராது.

ரூபிக்கு வாய் மூடாது. என் மனைவிக்கோ வாய் திறக்காது.

"தாரணி, பேசு," என்றேன். "எதையாவது பேசு. நிறுத்தாதே."

லாசரஸ் அண்ணன் எப்போது மேலே வந்தார் என்று தெரியவில்லை. மழையில் நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். "சாங்கில எனக்குப் போன் வந்துச்சு," என்று கிசுகிசுத்தார். "தாரணி நம்பர்தான். 'சொல்லு ராஜா'ன்னுச்சு. அந்தக் குரலோட நான் எத்தனை வருஷம் கோயிலுக்குப் போயிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"அண்ணே, அவ தாரணியை என்ன பண்றா?"

"முன்னாடி வந்த பிள்ளைங்களை மிரட்டித்தான் விரட்டுனா. பிடிக்க அவளுக்கு ஒண்ணும் கிடைக்கல. நீதான்யா அவ நம்பரைக் கொண்டுபோய் உயிரோட இருக்கற பொண்ணு மேல ஒட்டிவச்சே."

மேசைக்கு அடியில் பாய்ந்து பழைய மெஷினின் கேபிளைப் பிடுங்கினேன். நுனி என் கையில் இருந்தது.

பழைய கார்டின் விளக்கு அணையவில்லை.

தகட்டைப் பிய்த்தெடுத்து அந்தக் கார்டையே பிடித்து இழுத்தேன். உள்ளங்கை பொரிந்தது. தோல் வெந்த வாசனை தைலத்தோடு கலந்தது. விசிறியில் இறுகியிருந்த நரைமுடி என் விரலைச் சுற்றிக்கொண்டது. கையை உதறி வெளியே எடுக்கவே பெரும்பாடாகிவிட்டது. காதருகில் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"என் மெஷின்ல கை வைக்காதே ராஜா."

அந்த நிலையில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். பழையதை எடுக்க முடியாவிட்டால் புதியதை எடுக்கலாம். தாரணியிடமிருந்து அந்த நம்பரைக் கழற்றிவிட்டால் இவளுக்கும் அவளுக்கும் ஒட்டு உறவு இல்லை. ரூபியின் நம்பர் ரூபியோடு போகட்டும்.

புது மெஷினைத் திறந்தேன். தாரணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன. தலையை வேகமாக ஆட்டினாள். உதடுகள் ஓயாமல் அசைந்தன. பயத்தில் ஏதோ சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். நான் சொன்னதைக் கேட்டு அவள் பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். அவள் கையை விலக்கினேன்.

"ஒண்ணும் ஆகாதுமா," என்று சொல்லிக் கார்டைப் பிடுங்கினேன்.

கீபோர்டு நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பாடா," என்றாள் தாரணி, உரக்க. "சரியாயிடுச்சு."

முத்துராமன் அவளைப் பார்த்தார். பார்வை அவள்மேல் நின்றது. "வந்துட்டியா?" என்றார், பேந்தப் பேந்த விழித்தபடி. நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவள் கூந்தலில் தைலம் மணந்தது. அந்த ஆபீஸில் உட்கார்ந்தால் யார் தலையில்தான் மணக்காது.

லாசரஸ் அண்ணன் மட்டும் அருகில் வரவில்லை. படியருகே நின்று அவளையே பார்த்தார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் மழையிலேயே இறங்கிப் போய்விட்டார்.

ரயிலில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கழற்றிய கார்டு என் சட்டைப்பையில் இருந்தது. தாரணி பேசிக்கொண்டே வந்தாள். முத்துராமன் எப்படிப்பட்டவர், மாலைக் கடைக்காரருக்கு யாரோடு சண்டை, லாசரஸ் கல்யாணத்தில் பிரியாணி எப்படிக் குழைந்துபோனது என்று வாய் ஓயவில்லை. எதிரே இருந்த சீனப் பாட்டியிடம்கூட மலாயில் இரண்டு வார்த்தை பேசினாள். பயம் தெளிந்த வேகம் என்று நினைத்தேன். நான்தானே பேசு பேசு என்று கெஞ்சினேன். அவள் தோளில் சாய்ந்துகொண்டேன். இவள் இப்படியே பேசட்டும், இனி ஒரு நாளும் குறை சொல்லமாட்டேன் என்று மனதார நினைத்தேன்.

லாசரஸ் கல்யாணம் நடந்தபோது தாரணி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பாள். அந்தக் கணக்கு எனக்கு அப்போது ஓடவில்லை.

"உன் போன் எங்கே?" என்று கேட்டேன்.

"ஆபீஸ்லயே விட்டுட்டேன். போகட்டும். எனக்கு யார் கூப்பிடப் போறாங்க?"

வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்குப் போனாள். மீன் தலை வாங்கி வைத்திருக்கிறேனா என்று கேட்டாள். எங்கள் வீட்டில் மீன் தலை சமைப்பதில்லை. தாரணிக்கு அந்த வாடையே ஆகாது. நான் வெந்த கைக்கு மருந்து போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. குழந்தைகள் கீழே விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

என் போன் அடித்தது.

திரையில் தாரணியின் பெயர்.

எடுத்தேன். முதலில் மழைச் சத்தம் மாதிரி ஒரு இரைச்சல். அதற்குள்ளிருந்து, மிகத் தூரத்திலிருந்து, ஒரு குரல்.

"நிதீஷ். நான் பேசிட்டேதான் இருக்கேன். நிறுத்தவே இல்ல. உனக்குக் கேக்கலயா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எல்லாரும் லைட்டை ஆஃப் பண்ணிட்டுப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் சீட்லதான் இருக்கேன். எந்திரிக்க முடியல. நீ ஏன் என்னை எடுத்தே? எடுக்காதேன்னு சொன்னேனே."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரே நம்பருக்கு இரண்டு பேர் போட்டி போடும்போது ஒருவரைப் பிடுங்கிவிட்டால், நம்பர் மிச்சம் இருக்கிறவருக்கு முழுசாகப் போய்விடும். பெயர், குரல், உட்கார்ந்திருக்கும் உடம்பு, வீடு, புருஷன், எல்லாம். எந்த ஜூனியர் டெக்னீஷியனைக் கேட்டாலும் சொல்வான். நான் பிடுங்கினது என் மனைவியை.

"தாரணி, அங்கேயே இரு, நான் வர்றேன், பேசிட்டே இரு."

"யாரு ராஜா போன்ல?" என்றது சமையலறையிலிருந்து.

கடைசியாகப் பேசினது சமையலறையில் இருந்ததுதான். போனில் குரல் பாதி வார்த்தையில் அறுந்தது. இரைச்சல்கூட இல்லை.

மறுநாள் காலை முதல் ஆளாக ஆபீஸ் வாசலில் நின்றேன். புது மெஷினில் கார்டை மாட்டினேன். நம்பரை அடித்தேன். ஏற்கவில்லை. இந்த நம்பர் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லி மறுத்தது. மறுபடி அடித்தேன். மறுபடி அதே பதில். அந்த ஆபீஸில் வேறு எந்த மெஷினும் அப்போது ஓடவில்லை. பழைய மெஷினின் தகட்டை எடுத்துப் பார்த்தேன். கார்டு இருந்த இடுக்கு காலி. தூசியில் அதன் வடிவம் மட்டும் தெரிந்தது. நாற்காலியில் யாரும் இல்லை. இல்லை என்று எப்படிச் சொல்வது? என் கண்ணுக்குத் தெரியவில்லை. ரெக்சின் பள்ளத்தில் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. "தாரணி" என்றேன். மேசை இழுப்பறையில் அவள் போன் சார்ஜ் இல்லாமல் கிடந்தது.

முத்துராமன் அந்த மேசையை இப்போது காலியாக வைத்திருக்கிறார். லாசரஸ் அண்ணன் என் போனை எடுப்பதில்லை. என் மாமியார் வீட்டில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். தாரணி எப்படிக் கலகலப்பாகிவிட்டாள், உன் கை ராசிதான் மாப்பிள்ளை என்கிறார்கள்.

கார்டை நான் திரும்ப எடுத்து வந்துவிட்டேன். இப்போது அது என் உள்ளங்கையில் இருக்கிறது. எந்த மெஷினிலும் இல்லை, எந்தக் கேபிளும் இல்லை, வெறும் கார்டு. அதன் சின்னப் பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருக்கிறது. அந்த விளக்கு எப்போது துடிக்கும் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

தாரணி பேசிக்கொண்டிருக்கிறாள். காலையிலும் பேசுகிறாள், ரயிலில் போகும்போது சட்டைப்பைக்குள்ளேயும் பேசுகிறாள். பேசத் தெரியாத என் தாரணி, நான் சொன்னேன் என்பதற்காக நிறுத்தாமல் பேசுகிறாள். காதில் வைத்து வைத்துப் பார்க்கிறேன், ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை. நேற்றைவிட இன்று விளக்கு மெதுவாகத் துடிக்கிறது. களைத்திருப்பாள்.

சமையலறையில் மீன் தலைக் கறி கொதிக்கிறது.

"அதைக் குப்பையில போட்டுட்டுச் சாப்பிட வா, ராஜா," என்கிறாள் அவள்.